அம்மாவின் இடது கை

இளையர் இசைக்குழுவின் ஆடிஷனில் எனக்குப் பியானோ வாசிக்கப் போவது தான்தான் என்பதை அம்மா சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் சொன்னார். என் தட்டில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "வெளியாள் எதுக்கு? நான் வாசிக்கிறேன்," என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "சர்ச்ல வாசிக்கிறது வேற, இது வேற இல்ல?"

"சர்ச்ல இருக்கிறதும் பியானோதான்," என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்ததாக அப்பாவின் தட்டுக்குக் குழம்பு ஊற்றினார்.

நான் அப்போது உயர்நிலை மூன்றில் இருந்தேன். என் வாத்தியம் வயோலா. வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கொஞ்சம் தாழ்ந்தது. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைக்குத் தந்திவாத்தியக் குழுவில் சேர்ந்தபோது எல்லாரும் வயலின்தான் கேட்டார்கள். நான் நீளமான கைகள் உள்ளவளாக இருந்ததால் இதை என்னிடம் தந்துவிட்டார்கள். முதல் வருடம் அழுதேன். மூன்றாம் வருடம் அது இல்லாமல் இருக்க முடியாது என்றாகிவிட்டது. என் வயோலா ஆசிரியை, அதிகம் பேசாத சீனப் பெண்மணி, ஒரு நாள் பாடம் முடிந்ததும், "இந்த வருஷம் இளையர் இசைக்குழுவுக்கு முயற்சி செய்து பார்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆடிஷனில் கேட்பவை: ஸ்கேல்கள் எனும் ஸ்வர வரிசைகள், இசைக்குழு வாசிக்கும் உருப்படிகளிலிருந்து சில பகுதிகள், பிறகு பியானோவோடு வாசிக்கும் உருப்படி ஒன்று. பியானோவுக்கு நானே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மா சிங்கப்பூரில் காத்தோங் பக்கம் வளர்ந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் சோறு இல்லாவிட்டாலும் பியானோ இருக்கும் என்று அப்பா கேலி செய்வார். அப்பாவின் ஆட்கள் தஞ்சாவூர்ப் பக்கம், இந்துக்கள். அப்பா துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். அம்மா ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் ஆராதனைக்குப் பியானோ வாசித்தார். இரண்டு குடும்பங்களும் சமாதானமாகப் பல வருடங்கள் பிடித்தன என்று கேள்வி. நான் பிறந்ததும் சமாதானமாகிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். அம்மாவின் பேச்சில் யாழ்ப்பாணத்தின் மிச்சம் இரண்டு சொற்கள்தான்: 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்', என்னைக் கூப்பிட 'பிள்ளை'. மற்றபடி எங்களைப் போலத்தான் பேசுவார்.

சிராங்கூன் சாலைக்கு நடந்து போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் வீவக அடுக்குமாடி வீடு. கூடத்தில் சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே பியானோ. அது இருந்ததால் விருந்தாளிகள் பக்கவாட்டாக நடந்துதான் சமையலறைக்குப் போக முடியும்.

ஆசிரியை எனக்குத் தேர்ந்துகொடுத்தது ஒரு சொனாட்டாவின் மெதுவான பகுதி. முதலில் பியானோ மட்டும். அதிலும் இடது கை மட்டும், யாரோ படியிறங்கிப் போவதுபோல ஒவ்வொரு ஸ்வரமாகக் கீழே இறங்கும். அது அடியைத் தொட்ட பிறகுதான் நான் வில்லைத் தந்தியில் வைக்க வேண்டும். இரண்டாம் பாதியில் ஓர் இடம் வரும். பியானோ நின்றுவிடும். வயோலா தன்னந்தனியாக மேலே ஏறிப்போய், ஒரு ஸ்வரத்தில் நின்று, மெலிந்து மெலிந்து காணாமல் போகும் தறுவாயில் பியானோ அடியில் வந்து தாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் கெட்டுவிடும், பிந்தினாலும் கெட்டுவிடும். எங்களுக்கு அது 'அந்த இடம்'. வேறு பெயர் வைக்கவில்லை.

அம்மா வேலையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு நேராகப் பியானோவுக்கு வருவார். சமையல் பிறகுதான். அப்பாவுக்கு மாலை ஷிஃப்ட் இல்லாத நாட்களில் அவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். அம்மாவை அப்படி நான் அதுவரை பார்த்ததில்லை. சர்ச்சில் வாசிக்கும்போது பாடுகிறவர்களுக்கு இடம் கொடுத்து, பின்னால் ஒதுங்கி நிற்கிற மாதிரி வாசிப்பார். வீட்டில் என்னோடு வாசிக்கும்போது சண்டைக்கு நிற்பார். "என்ன பிள்ளை, தூங்குறியா? நான் கேள்வி கேட்டாச்சு. பதில் எங்க?" என்பார். பியானோ கேட்பது, வயோலா பதில் சொல்வது. அந்தச் சொனாட்டாவை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். ஆசிரியை வில்லின் அழுத்தம், விரலின் கோணம் என்று சொன்னதையெல்லாம் அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு, போதும்."

அந்த ஆரம்ப வாரங்கள் சந்தோஷமானவை. இப்போது அவற்றை நினைத்துப் பார்ப்பதற்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

முதலில் சுண்டு விரல். இடது கையின் சுண்டு விரல்தான் கடைசிப் படியைத் தொட வேண்டும். அது ஒரு கணம் பிந்தி வந்தது. அம்மா சிரித்தார். "நாள் முழுக்க டைப் அடிச்சு அடிச்சு விரல் செத்துப்போச்சு," என்றார். அடுத்த வாரம் அது பிந்தி வரவில்லை, வரவே இல்லை. படியிறங்கி வந்தவர் கடைசிப் படியில் காலை வைக்காமல் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

"அம்மா, கீழ் ஸ்வரம் விழல," என்றேன்.

"ஓம், கேட்டுச்சு. திரும்ப வாசிப்போம்."

திரும்ப வாசித்தோம். விழவில்லை. மூன்றாம் முறை அம்மா வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் அந்த ஸ்வரத்தைத் தொட்டார். தொட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போனார். நானும் வாசித்தேன். நல்ல தந்திரம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு வேறு விஷயங்கள். குடையை மடக்க என்னைக் கூப்பிட்டார். மைலோ டப்பாவைத் திறக்கச் சொல்லி அப்பாவிடம் நீட்டினார். கிளினிக்குக்குப் போடும் சட்டையின் வலது கைப் பொத்தானை அப்பா போட்டுவிட ஆரம்பித்தார். வாசலில் நின்று, காலணி மாட்டும் முன்பு. ஒரு சனிக்கிழமை தேக்கா ஈரச் சந்தையில் அம்மாவின் இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அம்மா அதை உணராமல் மீன்கடைவரை வெறுங்காலோடு போய்விட்டார். மீன்காரர்தான் சுட்டிக்காட்டினார். அம்மா தன் காலைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பலதுறை மருந்தகம் எனும் அரசு கிளினிக்கில் மணிக்கட்டு நரம்பு அழுந்தியிருக்கலாம் என்று சொல்லி ஒரு பட்டை கொடுத்தார்கள். பியானோவில் உட்காரும்போது அதைக் கழற்றி மேலே வைப்பார். முடிந்ததும் மாட்டிக்கொள்வார். பெரிய மருத்துவமனைக்கும் ஒரு சந்திப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதற்கு இன்னும் நாள் இருந்தது. காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் முன் அம்மா எழுந்து, சத்தத்தைக் குறைக்கும் மிதியை அழுத்திக்கொண்டு, இடது கையை மட்டும் பழகிக்கொண்டிருப்பார். அறைக் கதவு சாத்தியிருந்தாலும் எனக்குக் கேட்கும். மேலிருந்து இறங்கும் ஸ்வரங்கள், நடுவில் ஓர் இடைவெளி, மறுபடி மேலிருந்து.

ஒரு மாலை என்னோடு அம்மாவும் ஆசிரியையின் வீட்டுக்கு வந்தார். அன்றுதான் இருவரும் சேர்ந்து ஆசிரியையிடம் வாசித்துக்காட்டினோம். வாசித்து முடித்ததும் ஆசிரியை என் வில்லைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு, கீழே போய் மூன்று பேருக்கும் பானம் வாங்கிவரச் சொன்னார். அப்படி அவர் என்னை ஒருபோதும் அனுப்பியதில்லை. நான் பார்லி டப்பாக்களோடு திரும்பியபோது இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் இடது கை ஆசிரியையின் மடியில் இருந்தது. ஆசிரியை அதன் கட்டைவிரல் பக்கத்தை, சதை வற்றிக் குழியாகிப் போயிருந்த இடத்தை, தன் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழியை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பேருந்தில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "உங்க டீச்சர் வேற ஒரு பியானிஸ்ட் ஏற்பாடு பண்றாங்க. நான்தான் கேட்டேன்."

"ஏன்மா?"

"கை வலிக்குது பிள்ளை."

வலிக்கவில்லை. அந்த நோயில் கைக்கு வலியே இருக்காது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பேருந்தில் எனக்கு முதலில் தோன்றியது, உண்மையைச் சொன்னால், ஒரு நிம்மதிதான். கீழ் ஸ்வரம் இனி விழும். அது தோன்றிய மறு கணமே அம்மாவின் கைப்பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை கொடுக்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் அப்பா அடிக்கடி விடுப்பு எடுத்தார். இருவரும் சேர்ந்து காலையில் போனார்கள், மத்தியானம் வந்தார்கள். அம்மாவின் கையிலும் காலிலும் ஊசி குத்திய சிறு புள்ளிகள். என்னிடம் 'டெஸ்ட்' என்றார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அறையில் ஸ்கேல் பழகிவிட்டு வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாத்தியம் நின்றுவிட்டதை அவர்கள் கவனிக்கவில்லை. சமையலறையில் அப்பாவின் குரல் கேட்டது.

"ஆடிஷன் முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். புள்ள உடைஞ்சு போயிடும்."

"அப்புறம் சொன்னா, அதுக்கப்புறம் நான் சொல்ற எதையாச்சும் அவ நம்புவாளா?" என்றார் அம்மா. "நான் இன்னும் நிறைய அவகிட்ட சொல்ல வேண்டியிருக்கு."

சற்று நேரத்தில் அம்மா என் கதவைத் தட்டினார். தேக்காவுக்குக் காய் வாங்கப் போகலாம் என்றார். அப்பா வரவில்லை. சமையலறையில் முதுகைக் காட்டி நின்று ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

காய் வாங்கிய பிறகு உணவங்காடியில் ஒரு மேசை பிடித்து உட்கார்ந்தோம். சனிக்கிழமைக் கூட்டம். அம்மா இரண்டு கோப்பை தேநீர் வாங்கச் சொன்னார். நான் கொண்டுவந்து வைத்தேன். என் மனத்தில் இருந்ததெல்லாம் ஒரே வேண்டுதல்தான்: சொல்லாதே. அம்மா சொல்லிவிட்டார். மோட்டார் நியூரான் நோய். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும். இடது கையில் ஆரம்பித்திருக்கிறது. காலுக்கு வந்துகொண்டிருக்கிறது. கிளினிக்கில் வரும் நோயாளிகளுக்குப் பல் பிடுங்கிய பிறகு என்ன சாப்பிடலாம் என்று விளக்குவாரே, அதே குரலில் சொன்னார்.

"குணமாகுமா?"

"இல்ல."

"மருந்து?"

"கொஞ்சம் மெதுவாக்கலாமாம். நிறுத்த முடியாது."

தட்டெடுக்கும் பெரியவர் வந்து பக்கத்திலிருந்த தட்டுகளை அடுக்கினார். அவர் மேசையைத் துடைத்துவிட்டுப் போகும்வரை நாங்கள் கோப்பைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம். அம்மா வலது கையால், நான் இரண்டு கைகளாலும்.

"நான் ஆடிஷனுக்குப் போகல," என்றேன்.

"நீ போகாம இருந்தா எனக்கு நல்லாயிடும்னா போகாத. நானே டீச்சருக்கு ஃபோன் பண்றேன்." அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லாகுமா?"

அம்மா கைப்பையிலிருந்து டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து, அதன் ஓரத்தைப் பல்லால் கிழித்து என் பக்கம் தள்ளினார். திரும்பி நடக்கும்போது காய்ப் பையை என்னிடம் கொடுத்தார். அதுவரை என்னைச் சுமை தூக்க விட்டதில்லை. என் விரல் கெட்டுவிடும் என்பார்.

புதிய பியானிஸ்ட், பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும் சீன இளைஞர். எங்கள் வீட்டுக்கே வந்தார். வாசலில் காலணியைக் கழற்றி அவ்வளவு நேராக அடுக்கி வைத்தார். அப்பாவுக்கு அதிலேயே அவரைப் பிடித்துப்போயிற்று. அம்மா பியானோ பக்கத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இளைஞர் வாசிக்க ஆரம்பித்தார். படிகள் இறங்கின. கடைசிப் படி ஆழமாக, சுத்தமாக விழுந்தது. அம்மா நல்ல ஆரோக்கியத்தில் இருந்தபோதுகூட அவ்வளவு சுத்தமாக அது விழுந்ததில்லை. அது எனக்குத் தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு அம்மா அவரிடம் என்னை ஒப்படைத்தார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "இந்த வரியில இவ ஓடுவா. நீயும் கூட ஓடாத. நீ நின்னா இவளும் நிப்பா," என்றார் ஆங்கிலத்தில். "இங்க மூச்சை இழுப்பா, கேட்கும். அதுதான் உனக்கு அடையாளம்." "இந்த இடத்துல இவளுக்குப் பயம். கொஞ்சம் சத்தமா வாசி, தைரியம் வந்துடும்." எனக்குப் பயம் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் ஒருபோதும் சொன்னதில்லை. இளைஞர் ஒவ்வொன்றுக்கும் "ஓகே ஆன்ட்டி" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். 'அந்த இடம்' வந்தபோது மட்டும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் மேலே ஏறினேன், நின்றேன், மெலிந்தேன். அவர் கொஞ்சம் முந்திவிட்டார். "சாரி," என்றார். மறுபடி வாசித்தோம். மறுபடியும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, மடியில் இருந்த வலது கையை மட்டும் லேசாகத் தூக்கி, தாழ்த்தினார். அப்போது சரியாக வந்தது.

அவர் போன பிறகு அம்மா பியானோவில் உட்கார்ந்து வலது கைப் பகுதியை மட்டும் வாசித்தார். நான் வயோலாவை எடுத்துக்கொண்டேன். அடியில் ஒன்றும் இல்லாமல் இரண்டு குரலும் மேலேயே மிதந்தன. அப்பா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றார். முடித்ததும் சாப்பிட உட்கார்ந்தோம்.

ஆடிஷன் நாளன்று அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டார். அம்மா அப்போது கைத்தடி பிடிக்க ஆரம்பித்திருந்தார். நடைவழியில் வரிசையாக நாற்காலிகள், வாத்தியப் பெட்டிகள், பெற்றோர்கள். ஒரு செல்லோக்காரப் பையனின் தாய் அவனுக்கு வாழைப்பழத்தைத் துண்டு துண்டாகப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று பேரைத் தவிர அங்கே இந்தியர்கள் யாரும் இல்லை. என் பெயரைக் கூப்பிட்ட பெண் அதை இரண்டு முறை முயன்றுவிட்டுச் சிரித்து மன்னிப்புக் கேட்டார். அம்மா என் காலரைச் சரிசெய்தார். "பதில் சொல்லிட்டு வா," என்றார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் சிலர். ஸ்கேல் கேட்டார்கள். இசைக்குழுப் பகுதிகளில் இரண்டு கேட்டார்கள். ஒன்றில் சறுக்கினேன். பிறகு சொனாட்டா. இளைஞர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். படிகள் இறங்கின. நான் வில்லை வைத்தேன். எனக்குத் தெரிந்தவரை அதைவிட நன்றாக நான் வாசித்ததில்லை. ஓடுகிற வரியில் ஓடவில்லை. பயப்படுகிற இடத்தில் பியானோ கொஞ்சம் உரக்க வந்தது. முதல் பாதி முடிந்து இரண்டாம் பாதிக்குள் நுழைந்தோம். நடுவில் உட்கார்ந்திருந்தவர் கையை உயர்த்தினார்.

"நன்றி. போதும்."

ஆடிஷனில் அப்படித்தான். யாரையும் முழுதாக வாசிக்க விடுவதில்லை. ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார், நான்தான் மறந்துவிட்டேன். வணங்கிவிட்டு வெளியே வந்தோம்.

அம்மா தடியை ஊன்றி எழுந்து நின்றிருந்தார். முதல் கேள்வியே, "அந்த இடம் எப்படி வந்துச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. "அதுவரைக்கும் போகலம்மா. நிறுத்திட்டாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாத சிரிப்பு. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். இளைஞரும் வெட்கத்தோடு சிரித்தார். அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "முழுசா வாசிக்கவே விடலையா? அப்புறம் எதுக்கு இத்தனை நாளு அதையே போட்டு..." என்று ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. அப்பா அம்மாவின் முன்னால் மறைத்தாற்போல நின்றுகொண்டார், நடைவழியில் இருந்தவர்கள் பார்க்காதபடி.

எனக்கு இடம் கிடைத்தது. வயோலா வரிசையில் கடைசி இருக்கை. அப்பா துறைமுகத்தில் எல்லாருக்கும் சொல்லி, சிராங்கூன் சாலைக் கடையில் லட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். என்ன குழு, என்ன வாத்தியம் என்று கேட்டவர்களுக்குப் 'பெரிய வயலின்' என்றாராம்.

ஒத்திகை சனிக்கிழமைகளில், ஏறக்குறைய நாள் முழுக்க. அதை நான் கணக்கில் கொள்ளவே இல்லை. இடம் கிடைப்பதைப் பற்றி மட்டும் யோசித்தவளுக்கு, கிடைத்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது உறைக்கவில்லை. அம்மா வேலையை விட்டார். அப்பா பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டார். சர்ச்சுப் பெண்கள் முறைவைத்து வந்து பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சில மாதங்களில் வலது கையும் போயிற்று. பியானோ மூடியே கிடந்தது. அதன்மேல் மருந்துப் பெட்டிகள் ஏறின. நான் வெள்ளிக்கிழமை பார்த்த அம்மாவுக்கும் சனிக்கிழமை மாலை பார்க்கும் அம்மாவுக்கும் ஏதோ வித்தியாசம் இருப்பதாக எனக்கு எப்போதும் ஒரு பயம்.

ஒரு சனிக்கிழமை காலை வயோலாப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் விலகிடுறேம்மா," என்றேன். அம்மாவின் பேச்சு அப்போது குழற ஆரம்பித்திருந்தது. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் விளங்கும்.

"இங்க இருந்து என்ன செய்வ? என்னையே பாத்துட்டு இருப்ப," என்றார். "போ. போயிட்டு வந்து சொல்லு."

போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து சொன்னேன். இசை நடத்துநர் என்ன திட்டினார், கொம்பு வாத்தியக்காரர்கள் எங்கே தவறினார்கள், என் இசைத்தாள் தாங்கியைப் பகிர்ந்துகொண்ட மலாய்ப் பெண் ஒத்திகை நடுவே எப்படிச் சிரிப்பு மூட்டினாள் என்றெல்லாம். சிலவற்றை அம்மாவுக்காகக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

முதல் கச்சேரிக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார் அப்பா. சக்கர நாற்காலிக்கான இடம் பக்கவாட்டில். அங்கிருந்து வயோலாக்கள் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அம்மா இரண்டு மணி நேரமும் டபுள் பாஸ்காரர்களின் முதுகையும் முரசுகளையும்தான் பார்த்திருக்கிறார். "கேட்டுச்சு," என்றார். அத்தனை வயோலாக்களில் கடைசி இருக்கை எப்படித் தனியாகக் கேட்கும்? அப்பா நாற்காலியைத் தள்ள, நான் அம்மாவின் பக்கத்தில் நடந்தேன். கச்சேரி முடிந்து வந்த கூட்டம் எங்களுக்கு வழிவிட்டது.

இரண்டாம் கச்சேரிக்கு முன் அம்மா போய்விட்டார். ஒரு வாரநாள் காலை. நான் வகுப்பில் இருந்தேன். அப்பா ஃபோன் செய்யவில்லை, நேரில் வந்து பள்ளி அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தார். துறைமுகத்துச் சீருடையில். அவரைத் தூரத்தில் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மெதுவாகத்தான் நடந்துபோனேன். போய்ச் சேர்வதற்குள் இருந்த அந்தக் கொஞ்ச தூரத்தை விட மனமில்லை.

எங்கள் அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு மேசை போட்டிருந்தது. அந்தப் பியானோ இளைஞர் வந்தார். அம்மாவின் படத்துக்கு முன் நின்றுவிட்டு, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மேசைமேல் கிடந்த நிலக்கடலையை உடைத்துக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தார். கிளம்பும்போது உடைத்த ஓடுகளையெல்லாம் கூட்டி அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்த அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். அப்பா போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வீட்டில் இருந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று தோன்றியது. கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். மலாய்ப் பெண் என்னைப் பார்த்தாள். தன் நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். நடத்துநர் கையைத் தூக்கினார். வாசித்தோம். நான் இல்லாதபோது புதிதாக ஆரம்பித்திருந்த உருப்படி, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த ஸ்வரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற இடங்களில் வில்லைத் தந்திக்கு மேலே சும்மா இழுத்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் அவள் தன் நாசி லெமாக்கை, அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை, பிரித்து எங்கள் நடுவில் வைத்தாள். அவள் அம்மா கட்டிக்கொடுத்தது. ஒரு கரண்டியை என்னிடம் நீட்டினாள். காலையில் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. முட்டையைப் பாதியாக வெட்டி என் பக்கம் ஒதுக்கினாள். "உறைக்கும், பாத்து," என்றாள் ஆங்கிலத்தில். சாப்பிட்டேன். உண்மையிலேயே உறைப்புதான். கண்ணும் மூக்கும் ஒழுக, துடைத்துத் துடைத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தோம். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.